கனடாவின் வடதுருவப் பழங்குடியான இனுயிட் மக்களைச் சேர்ந்த ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக்கின் அச்சுப்படங்களை அவரே கல்லில் செதுக்கினாரா?

பெரும்பாலும் இல்லை. அவர் வரைவார், கல்லைச் செதுக்குவதும் அச்செடுப்பதும் வேறு கைகள். ஆனால் சிற்பங்களை அவரே செதுக்கினார்.

1927இல் கனடாவின் பாஃபின் தீவின் தென்கரையில் ஒரு பனிவீட்டில் பிறந்தவர் கெனோஜுவாக். 1950களின் தொடக்கத்தில் காசநோய் வந்து, கியூபெக் மருத்துவமனையில் சுமார் மூன்று வருடம் இருந்தார். அங்கேதான் பொம்மை, மணி வேலை எல்லாம் கைவந்தது. அப்புறம் ஊர் திரும்பினார். சீல் (கடல்நாய்) தோல் பை ஒன்றில் அவர் செய்த உருவம்தான் 1959இல் முதல் அச்சுப்படமானது: கடற்பாசி தின்னும் முயல்.

கல் அச்சு முறை இதுதான். ஓவியத்தைத் தட்டையான கல்லில் படியெடுத்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் பகுதியில் மை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, பின்பக்கம் கையால் தேய்ப்பார்கள். ஒவ்வொரு பிரதியும் இப்படித்தான். ஆகவே அது கூட்டுழைப்பு. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. அந்தக் கோடு அவருடையது.

1960இல் வந்த 'மந்திர ஆந்தை'யைப் பாருங்கள். தலையிலும் வாலிலும் இறகுகள் கதிர்போல விரிகின்றன. மொத்தம் ஐம்பதே பிரதிகள். பாதி சிவப்பு, பாதி பச்சை. 1970இல் கனடா அதைத் தபால்தலையாக வெளியிட்டது. எனக்கு அந்தக் கண்களை விட்டுப் பார்வை நகர்வதில்லை.

கேப் டார்செட் என்ற ஊரில், இன்றைய கிங்கைட்டில், கடைசிவரை வரைந்தார். 2013 ஜனவரியில் மறைந்தார்.