நாப்பியை விடணுமா, மாத்திரையை விடணுமா?

டாக்டரம்மா பதில்கள்

இந்த தடவை வந்த கடுதாசில பாதிக்கு மேல பிரஷர் தான். தீமிதி அன்னிக்கு கோயில் வாசல்ல மேசை போட்டு வந்தவங்களுக்கெல்லாம் இலவசமா பிரஷர் பார்த்தாங்க, அதுலருந்து ஊரே நம்பரை வச்சிக்கிட்டு முழிக்குது. ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், உங்க கேள்வி அப்படியே வரலன்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு. கோயில்ல பார்த்தப்ப 158/98. அப்புறம் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போய் பார்த்தோம், கிட்டத்தட்ட அதே தான், அம்லோடிபின்னு பிரஷர் மாத்திரை, 5 மில்லிகிராம், எழுதிக் குடுத்தாரு. இவரு வாங்கி வச்சாரே தவிர தொடவே இல்ல. ஒரு தடவை ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விட முடியாதாம், நடந்தே குறைக்கிறேன், பூண்டு தின்னே குறைக்கிறேன்னு வீம்பு புடிக்கிறாரு. சர்க்கரை கிடையாது. சண்டை போட்டு ஓஞ்சு போயிட்டேன். யார் சொல்றது சரி டாக்டரம்மா?
— வாசகி, பொட்டடவுன், யாங்கோன்

பதில்: தங்கச்சி, அவரு நடக்கறேன்னு சொல்றது நல்ல விஷயம், நடக்கட்டும். ஆனா அதை மாத்திரைக்கு எதிரா சொல்றாரு பாருங்க, அங்க தான் எனக்கு கோவம் வருது. ரத்தக் குழாய்க்கு இது நடந்து குறைஞ்ச பிரஷரா மாத்திரை போட்டு குறைஞ்ச பிரஷரான்னு எல்லாம் தெரியாது, குறைஞ்சா அதுக்கு நிம்மதி, அவ்வளவு தான். நிறைய மருந்து ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து 2016ல ஒரு கணக்கு வந்துச்சு, மேல் நம்பர் 10 குறைஞ்சா பக்கவாதம் வர வாய்ப்பு கால் பங்குக்கு மேல குறையுதுன்னு. அந்த பத்தை எப்படி குறைக்கிறதுங்கறது தான் உங்க வீட்டு சண்டை.

அவருக்கு டைம் இருக்கா இல்லையான்னு முதல்ல பார்ப்போம். 160/100ஐ தாண்டிட்டா, இல்ல சர்க்கரை, கிட்னி, இதயக் கோளாறு இருந்தா, நடந்து பாக்கறேன்னு சொல்ற பேச்சே கிடையாது, மாத்திரையும் நடையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கணும். இவரு 158, கோட்டுக்கு ஒட்டி நிக்கிறாரு. சர்க்கரை இல்லன்னு எழுதியிருக்கீங்க, ஒண்ணுக்குல புரதம் போகுதா, கிரியாட்டினின் (கிட்னியை பாக்கற ரத்த டெஸ்ட்) எவ்வளவு, ஈசிஜி எப்படின்னு பார்த்து எல்லாம் சரியா இருந்தா, மூணு மாசம் வாழ்க்கை முறையை மாத்தி பாக்கறேன்னு டாக்டர்கிட்ட நேரா கேக்கலாம், அது தப்பான கேள்வியே இல்ல. மாத்திரையை அலமாரில ஒளிச்சு வச்சிட்டு டாக்டர்கிட்ட போட்டேன்னு சொல்றாங்க பாருங்க, அது தான் தப்பு. டாக்டர் குறையலயேன்னு இன்னொரு மருந்தை சேர்த்து எழுதுவாரு, உண்மையிலயே ரெண்டையும் ஒரு நாள் சேர்த்து முழுங்குனா தலை சுத்தி விழுவீங்க.

சரி, அந்த மூணு மாசத்துல எவ்வளவு குறையும்? வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா சுமாரா 5 குறையும். கண்டோஜி ஏரிக்கரைல பேசிக்கிட்டே உலாத்தறது இதுல சேராது, பேச்சு கொஞ்சம் மூச்சு வாங்கணும். எடை ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய 1 குறையும், அப்போ வீசை கணக்குல மூணு வீசை (ஏறக்குறைய 5 கிலோ) எறங்குனா 4, 5 வரைக்கும் கிடைக்கும். பூண்டு கொஞ்சம் குறைக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம ஆளுங்க அதை ஊறுகாயா தின்னுட்டு பூண்டு சாப்பிட்டேன்னு கணக்கு சொல்றாங்க.

பெரிய கணக்கு உப்புல தான் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள சொல்லுது, சின்ன டீஸ்பூன்ல ஒண்ணு. நான் ஒரு நாள் எங்க வீட்டு அடுப்பங்கரைல நின்னு அளந்தே பார்த்தேன். உப்பு ஜாடியிலருந்து போனது நாலு பேருக்கு மூணு ஸ்பூன், அட பரவாயில்லயேன்னு நினைச்சேன். அப்புறம் மத்ததை எண்ண ஆரம்பிச்சேன்... காலைல வாங்கிட்டு வந்த மொகிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்), அதுல மேல ஊத்தின மீன் சாஸ், மத்தியானம் பச்சைக் காய் தொட்டுக்க நாப்பி (உப்பு போட்டு புளிக்க வச்ச மீன் விழுது) கரைச்ச தண்ணி, குழம்புல ஒரு துண்டு கருவாடு, ரெண்டு அப்பளம், சாயங்காலம் டிவி முன்னாடி ஒரு தட்டு லாபெட் (ஊற வச்ச தேயிலை). மீன் சாஸ் ஒரு டேபிள் ஸ்பூன்லயே 3 கிராமுக்கு மேல உப்பு இருக்கு, அந்த ஒரு கரண்டிலயே பாதி நாள் பங்கு தீர்ந்து போச்சு. நாப்பி எவ்வளவுன்னு நான் அளக்கவே இல்ல, மனசு வரல. உப்பே இல்லாத சமையல்னு பெருமை பேசற வீட்டுலயும் நாப்பிச் சட்டி இருக்கும், உப்பு ஜாடியை ஒளிச்சு வச்சு என்ன பிரயோஜனம்? அஜினோமோட்டோவை மட்டும் எல்லாரும் திட்டறாங்க, அதுல இருக்கற சோடியம் உப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்கு தான், அது சின்ன திருடன்.

சோறு மேல பழி போடாதீங்க. 1940கள்ல அமெரிக்காவுல கெம்ப்னர்னு ஒரு டாக்டர், மருந்தே இல்லாத காலத்துல, படுமோசமான பிரஷர்காரங்களுக்கு வெள்ளைச் சோறும் பழமும் பழரசமும் சர்க்கரையும் மட்டும் குடுத்து, உப்பு அறவே இல்லாம, நிறைய பேருக்கு குறைச்சே காட்டினாரு. ஆனா அந்த சாப்பாட்டை நிறைய பேரால ரொம்ப நாள் தின்ன முடியல, நாப்பி இல்லாத வெறும் சோத்தை உங்க வீட்டுக்காரர் எத்தனை நாள் திம்பாருன்னு உங்களுக்கே தெரியும். மருந்து இல்லன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா, இங்க பர்மாவுல உலகப்போர் சண்டை நடந்துகிட்டிருந்த அதே 1945 ஏப்ரல்ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தாரு, அன்னிக்கு பிரஷர் 300/190. இதய டாக்டர் ஒருத்தர் கூடவே தான் இருந்தாரு, குடுக்க மாத்திரை தான் இல்ல.

ஆரம்பிச்சா விட முடியாதுங்கறதுக்கு வரேன். இது கஞ்சா மாதிரி பழக்கம் இல்ல. டெல்டா பக்கம் வயலுக்கு கரை கட்டியிருப்பாங்க பாருங்க, கரையை வெட்டி விட்டா தண்ணி உள்ள வரும், கரை கட்டினதால தான் தண்ணி வருதுன்னு யாராவது சொல்வாங்களா? தண்ணி வெளிய நின்னுகிட்டே தான் இருக்கு. எடை குறைஞ்சு உப்பு குறைஞ்சு தண்ணி மட்டமே எறங்குனா டாக்டரே மாத்திரையை பாதியாக்குவாரு, சிலருக்கு நிறுத்தியும் பார்ப்பாரு. என்கிட்ட வந்தவங்கள்ல அப்படி நிறுத்தினவங்க உண்டு, ரொம்ப பேர் இல்ல. மூணு மாசம் கழிச்சும் 140க்கு கீழ வரலன்னா பேசாம போடச் சொல்லுங்க, தோத்துட்டோம்னு நினைக்க வேணாம், நிறைய பேருக்கு பரம்பரையும் வயசும் தான் காரணம், அதோட நடந்து ஜெயிக்க முடியாது.

கேள்வி: அம்மா அம்லோடிபின் 10 போடறாங்க. ரெண்டு கணுக்காலும் வீங்குது, விரலால அமுக்குனா குழி விழுது. கிட்னி கெட்டுப் போச்சுன்னு பக்கத்துல சொல்றாங்க, மாத்திரையை நிறுத்திட்டோம்.
— தட்டோன்

பதில்: நிறுத்துனது தப்பு தம்பி, பயந்தது தப்பு இல்ல. அம்லோடிபின் சின்ன ரத்தக் குழாய்களை விரிச்சு விடுது, அதுலருந்து தண்ணி கசிஞ்சு கால்ல தேங்குது, 10 மில்லிகிராம்ல இது சகஜம், சாயங்காலம் அதிகமா இருக்கும். கிட்னிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒண்ணுக்கும் கிரியாட்டினினும் ஒரு தடவை பார்த்துட்டா உங்க சந்தேகம் தீரும், மூச்சு வாங்கினாலோ முகமும் சேர்ந்து வீங்கினாலோ உடனே போகணும். சில கடையில இதுக்கு நீர் போற மாத்திரையை தூக்கி குடுத்துடறாங்க, இந்த வீக்கம் அதுக்கு அவ்வளவா மசியாது. 10ஐ 5 ஆக்கி கூட லோசார்டான் மாதிரி இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்த்தா வீக்கமும் வத்தும் பிரஷரும் நிக்கும், டாக்டர்கிட்ட இந்த ரெண்டு மருந்தோட பேரையும் சொல்லி கேளுங்க.

அம்மாவுக்கு முட்டி வலி உண்டா, அதுக்கு என்ன போடறாங்கன்னு நீங்க எழுதல. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் பிரஷரை ஏத்தும், கிட்னிக்கும் ஆகாது. கடையில கலர் கலரா நாலஞ்சு மாத்திரையை ஒரு சின்ன கவர்ல போட்டு குடுக்கறாங்களே, அதுல பல தடவை ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும், ரெண்டு நாள்ல வலி பறந்துடும், பிரஷரும் பறக்கும். தண்ணில நுரைச்சு கரையற பாராசிட்டமால்ல கூட சோடியம் நிறைய, ஒரு மாத்திரைல கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்புக்கு சமம்.

கேள்வி: பொம்மராசா வேரை இடிச்சு குடிச்சா பிரஷர் அடங்கும்னு எங்க பெரியப்பா சொல்றாரு. இங்கிலீஷ் மருந்தை விட அது தானே நல்லது?
— பெகு

பதில்: பெரியப்பா பொய் சொல்லல. பர்மியருங்க பொம்மராசான்னு சொல்றதும் நம்ம சித்தர் மருந்துல சர்ப்பகந்தின்னு சொல்றதும் ஒரே செடி தான். பம்பாயில வக்கீல்னு ஒரு இதய டாக்டர் (பேரு தான் வக்கீல்) 1949ல இந்த வேரை பிரஷர் நோயாளிகளுக்கு குடுத்து எழுதின பிறகு தான் உலகமே திரும்பிப் பார்த்துச்சு, 1952ல அதுலருந்து ரெசர்பின்னு ஒரு பொருளை பிரிச்செடுத்து மாத்திரையாக்கினாங்க. அதாவது நீங்க நாட்டு மருந்துன்னு சொல்ற அதே சரக்கு தான் ஒரு காலத்துல இங்கிலீஷ் மருந்தா வித்துச்சு. அப்புறம் ஏன் குறைஞ்சு போச்சுன்னா, அளவு கூடுதலா சாப்பிட்டவங்கள்ல சிலர் மனசு சோர்ந்து போய் எதுலயும் பிடிப்பில்லாம ஆயிட்டாங்க, மூக்கடைப்பு, வயித்துப் புண்ணு வேற. மாத்திரைன்னா அளவு தெரியும், வேர்ல ஒரு வேருக்கு ஒரு வீரியம், பெரியப்பா இடிச்ச உலக்கைக்கு தான் வெளிச்சம். வேணாம்.

அதே மாதிரி இருமலுக்கு அதிமதுரம் வாயிலயே ஒதுக்கி வச்சிக்கிறவங்க இருக்கீங்க, அது பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தை இறக்கும், தெரிஞ்சுக்கோங்க.

நாட்டு முறைல எனக்கு கொஞ்சம் நம்பிக்கை உள்ளது புளிச்சக்கீரைச் செடி, நம்ம சிம்பாவ் தான். அதோட காயை மூடியிருக்கற தடிச்ச செவப்பு இதழை காய வச்சு கொதிக்க வச்ச தண்ணியை ஒரு நாளைக்கு மூணு கப், ஆறு வாரம், 65 பேரை ரெண்டு பிரிவா வச்சு ஒரு பிரிவுக்கு குடுத்து 2010ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மேல் நம்பர் சராசரியா 7 குறைஞ்சிருந்துச்சு, சும்மா கலர் தண்ணி குடிச்சவங்களுக்கு 1 தான். ஆனா அது செவப்பு இதழ் தண்ணி. நாம சமைக்கிற கீரைல கூனியும் நாப்பியும் எண்ணெயும் போட்டு வதக்கிட்டு, பிரஷருக்கு நல்லதாமேன்னு ரெண்டாவது தடவை சோறு வாங்கறோம்.

கேள்வி: வயசு 27. வீட்டு மெஷின்ல ஒரு தடவை 128, உடனே பார்த்தா 142, அப்புறம் 134. மெஷின் கெட்டதா நான் கெட்டேனா?
— யாங்கோன்

பதில்: ரெண்டும் இல்ல தம்பி, நீ பாத்த விதம். அரை மணி முன்னாடியே காபி, சிகரெட், குன்யா (வெத்தலை பாக்கு) எதுவும் கூடாது (புகையிலை வச்ச குன்யா வாயில இருக்கும்போதே பிரஷர் பாத்த ஆளுங்களை எனக்கு தெரியும்). ஒண்ணுக்கு போயிட்டு வந்து, முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரைல பட, கால் மேல கால் போடாம, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு. சட்டை மேல கட்டாத, வெறும் கையில, கை இதய மட்டத்துல மேசை மேல. பேசாத, போன் பாக்காத. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை, காலைலயும் ராத்திரியும், ஒரு வாரம், முதல் நாளை தள்ளிட்டு மிச்சத்தோட சராசரி எடு. வீட்டுல 135/85க்கு மேல வந்தா தான் அதிகம். கரண்டு போற ஊரு, பேட்டரி தீர்ந்துகிட்டிருந்தாலும் சில மெஷின் கோக்குமாக்கா காட்டும், புதுசு போட்டுக்க. சராசரி நெஜமாவே அதிகம்னா இந்த வயசுல சும்மா மாத்திரை வாங்கி முழுங்கிடாத, கிட்னிலயோ ஹார்மோன்லயோ ஏதாவது இருக்கான்னு டாக்டர் தேடணும்.

கேள்வி: அப்பா ஆறு நாளா அம்லோடிபின் போடல. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, மூணாவது நாள் பார்த்தப்ப கூட 132 தான். குணமாயிடுச்சுன்னு மொகிங்கா கடைல எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்காரு.
— மோல்மேன்

பதில்: அம்லோடிபின் உடம்புல பாதி கரையவே 30லருந்து 50 மணி நேரம் ஆகும், அதனால மூணாவது நாள் அவரு பார்த்தது பழைய மாத்திரையோட மிச்சம். ஒரு வாரம் பத்து நாள்ல மெல்ல மெல்ல ஏறி பழைய எடத்துக்கே வந்து நிக்கும், அப்பவும் தலை வலிக்காது, இது வலிக்காத நோய், வலிச்சா இத்தனை கஷ்டமே இல்ல. அட்டினோலால், குளோனிடின் மாதிரி சில மாத்திரை வேற ரகம், திடீர்னு விட்டா முன்ன இருந்ததை விட மேல எகிறும், நெஞ்சு வலி கூட வரும், அதுல அப்பா எதுவும் போடறாரான்னு அட்டையை எடுத்து பாருங்க.

இன்னிக்கு ராத்திரியே ஒரு மாத்திரை போடச் சொல்லுங்க, விட்டுப்போன ஆறையும் சேர்த்து இல்ல, ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு காலைல மொகிங்காவுக்கு முன்னாடி பிரஷர் பாருங்க, நம்பர் என்னன்னு அவருகிட்டயே குடுத்து படிக்கச் சொல்லுங்க.