கல்யாணத்தோட நின்னுபோன டிகிரியை அமெரிக்கா வந்து முடிக்க முடியுங்களா?

தம்பி, நீங்க கேட்டது இதுதானுங்களே: ஹெச்1பி வேலை விசால டாலஸ் பக்கம் வந்து ஆறு மாசமாச்சு, அம்மிணி பெருந்துறையில பி.காம் ரெண்டு வருசம் படிச்சு கல்யாணத்தோட நிறுத்திட்டாங்க, கையில ரெண்டு வயசுக் கொழந்தை, கூட வந்த சம்சாரத்துக்குத் தர்ற ஹெச்4 விசால இருந்துட்டே காலேஜ் முடிக்க முடியுமான்னு. முடியுமுங்க. நாங்க கோபிப் பக்கம், எங்கூட்டுலயும் இதே கதைதான், 2018 ஜனவரில ஆரம்பிச்சு 2022 டிசம்பர்ல முடிச்சாங்க. அஞ்சு வருசமான்னு மலைக்காதீங்க, எப்படியும் அந்த அஞ்சு வருசம் போகத்தான் போகுது.

ஹெச்4-ல படிக்க தனியா எஃப்1-ங்கற ஸ்டூடண்ட் விசா வேண்டியதில்லைங்க. எஃப்1 பசங்களாட்டம் செமஸ்டருக்கு 12 கிரெடிட் (ஒரு கோர்ஸுக்குப் பொதுவா மூணு கிரெடிட்) எடுத்தே ஆகணும்னு கட்டாயமும் இல்ல, ஒரே ஒரு கோர்ஸ் எடுத்தாலும் போதும். ஆனா வேலைதான் கைய கட்டிப் போட்டிரும். எஃப்1-ல இருக்கறவங்க கேம்பஸ்க்குள்ள வேலை பாக்கலாம், ஹெச்4-க்கு அதுகூட கெடையாது, கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற உங்க ஐ-140 மனு அப்ரூவ் ஆகி, அவங்களுக்கு வேலை பாக்க அனுமதி தர்ற ஈஏடி கார்டு வர்ற வரைக்கும். 2015-லதான் அந்த வழியே வந்துச்சு, அதும் இன்னைக்கு ஒரு ரூல் நாளைக்கு ஒரு ரூல்னு இருக்குது, அதனால வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. தெரிஞ்சவங்க கடையில கேஷா தர்றாங்கன்னு மட்டும் போயிராதீங்க, சாமி, விசாவே போயிரும்.

மொதல்ல ஊர்ல இருந்து மார்க் சீட்டும் டிரான்ஸ்கிரிப்ட்டும் எடுங்க. நாங்க பட்ட பாடு அதுலதான். மார்க் சீட்டுல எங்கூட்டுக்காரி பேருக்கு முன்னால அவங்கப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டுல பின்னால எம்பேரு, ரெண்டும் ஒரே ஆளுன்னு இங்க எவனுக்குத் தெரியும்? மாமனார் பாவம், காலைல பால் ஊத்திட்டு பஸ் ஏறி கோயமுத்தூருக்கு நாலு நடை போனாரு, நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கி, சீல் வெச்ச கவரை நேரா எவாலுவேஷன் கம்பெனிக்கே, அதாவது நம்மூர்ப் படிப்பு இங்கத்த கணக்குல எத்தனைன்னு சொல்றவங்களுக்கே, அனுப்ப வெச்சாரு. நம்ம கையால கவரைப் பிரிச்சா செல்லாதுங்க. எவாலுவேஷன் கேக்கறப்போ கோர்ஸ் பை கோர்ஸ்னு, பாடம் பாடமா கேளுங்க, மொத்தமா ஒரு சர்டிபிகேட் குடுக்கறது கம்மி விலைதான், ஆனா அத வெச்சு கிரெடிட் தர மாட்டாங்க. இங்க பேச்சுலர் டிகிரிக்கு 120 கிரெடிட், எங்களுக்கு ஊருப் படிப்புல 48 தான் ஏத்துக்கிட்டாங்க. மீதி 72.

அதையும் நேரா யுனிவர்சிட்டில போயி படிக்காதீங்க. மொத ரெண்டு வருசப் பாடம் சொல்லித்தர்ற உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ்ல ஆரம்பிங்க, ஃபீஸ் ரொம்ப கம்மி, அப்பறம் யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம். அங்கயும் அந்த டிஸ்ட்ரிக்ட்ல குடியிருக்கறவங்களுக்கு ஒரு ரேட், வெளிய இருந்தா ஒரு ரேட், வெளி ஸ்டேட்டுன்னா இன்னொண்ணு, அதனால அடுத்த லீஸ் எழுதறதுக்கு முன்னால எந்தக் கவுண்டின்னு பாத்துக்கோங்க. டெக்சாஸ்ல ஹெச்4-க்கும் ஒரு வருசம் இங்கயே இருந்ததுக்குப் பேப்பர் காட்டினா ரெசிடெண்ட் ஃபீஸ் கேக்கலாமுங்க. கவர்மெண்ட் ஃபைனான்ஷியல் எய்டு நமக்குக் கெடைக்காது, எதிர்பாக்காதீங்க.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க, கவர்மெண்ட் காலேஜ்ல டிகிரி வாங்கணும்னா அமெரிக்க ஹிஸ்டரி 6 கிரெடிட், கவர்மெண்ட்ங்கற அரசியல் பாடம் 6 கிரெடிட் படிச்சே ஆகணும்னு டெக்சாஸ்ல சட்டமே இருக்குது. தீரன் சின்னமலையப் படிச்ச புள்ள அரிசிம்பருப்பு தாளிச்சுக்கிட்டே டெக்சாஸ் அலமோ கோட்டைச் சண்டையப் படிச்சா.

இப்ப நெசமான விசயத்துக்கு வர்றேன். "படி, யாரு வேண்டாங்கறா"ன்னு நான் சொன்னதோட என் சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். மொத செமஸ்டர் ரெண்டு கோர்ஸ், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். எனக்கு அதே நேரத்துல இந்தியா டீமோட ஆஃப்ஷோர் கால், பையனை மடில வெச்சுக்கிட்டு மியூட் போட்டு மியூட் எடுத்து, கடைசில மிட்டெர்ம் அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல், எனக்கு புரொடக்ஷன் ரிலீஸ், அவ பரீட்சைக்குப் போகல. அக்கவுண்டிங்க டிராப் பண்ணிட்டா. மார்க் சீட்டுல ஒரு டபிள்யூ, அதாவது பாதில விட்டதுக்கான குறி, விழுந்துது, அவ ஒண்ணும் பேசல, நாலு நாள் எங்கிட்டயே பேசல. அப்பறந்தான் மேனேஜர்கிட்ட கேட்டேன், காலை ஏழு மணிக்கு மாத்திக்கலாமான்னு. இந்தியா டீமுக்கு சாயங்காலம் அஞ்சரைதான், அவங்களுக்குச் சந்தோசம். இத்தன சுளுவா முடியற விசயத்துக்கு ஒரு கோர்ஸ் போச்சு பாருங்க. சம்மர்ல அதையே திருப்பி எடுத்தா.

பையனைப் பாத்துக்க எங்கம்மாவ வரச் சொன்னப்போ, "மஞ்ச வெட்டி வேக வெச்சு மண்டிக்குப் போட்டுட்டு வர்றேன்"னாங்க. அதுக்குள்ள ஜனவரில ஆரம்பிக்கற ஸ்பிரிங் செமஸ்டர் முடிஞ்சுரும். அடுத்த வருசந்தான் புத்தி வந்து ஆகஸ்ட்லயே டிக்கெட் போட்டோம், மஞ்ச நெலத்துல நிக்கறப்போ ஆள் இல்லாட்டியும் அப்பா பாத்துக்குவாரு, விசிட்டர் விசால ஆறு மாசம் விட்டாங்க, ஆகஸ்ட்ல ஆரம்பிக்கற ஃபால் செமஸ்டர் முழுக்க ஊடு தெகஞ்சுது. அப்பறம் ஈஏடி வந்து பகல்ல அக்கவுண்ட்ஸ் வேலை, ராத்திரி பையன் தூங்கினப்பறம் படிப்பு. வருசத்துக்கு 15 கிரெடிட்தான், ஃபால்ல ரெண்டு கோர்ஸ், ஸ்பிரிங்ல ரெண்டு, சம்மர்ல ஒண்ணு. அதுக்கு மேல எடுக்க வேண்டாம், நான் சொல்லல, அவ சொல்றா.

வேற யாராச்சும் மூணு வருசமும் முடிச்சு ஒண்ணு ரெண்டு அரியர் மட்டும்னா இத்தனையும் எதுக்கு, ஊருக்குப் போயி எழுதிட்டு வரச் சொல்லுங்க, ஆனா இன்னும் எழுத விடறாங்களான்னு காலேஜ்ல மொதல்ல கேளுங்க. நீங்க, கிரெடிட் ஏத்துக்கறதுக்குக் காட்ட, உங்கப்பாவ விட்டு சிலபஸ் காப்பி காலேஜ் சீலோட வாங்கி வெக்கச் சொல்லுங்க, அவங்க படிச்ச வருசத்து சிலபஸ், இப்ப ஓடறது இல்ல. நாங்க அதுல ஒரு தடவ ஏமாந்தோம்.