மஸ்டாங்கின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் வி8 போடாமல் சக்தியைக் கூட்ட முடியுமா?

1966 ஃபோர்டு மஸ்டாங் கார், 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், மேடு வந்தால் திணறுகிறது, எஞ்சினை மாற்றாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். "அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 289 (289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8) வை" என்று இங்கே பலரும் சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். என்னிடமும் அதே வண்டிதான் இருக்கிறது, அதே எஞ்சின்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. ஆலையிலிருந்து 120 குதிரைத்திறனோடு வந்த எஞ்சின் இது. அதை வி8-க்கு இணையாக்கலாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அதனால் அந்தக் கணக்கோடு யாரும் வர வேண்டாம். ஆனால் இன்று சாலையில் இருக்கும் பல வண்டிகளில் அந்த 120-ஏ முழுதாக வருவதில்லை. அதை மீட்பதுதான் முதல் வேலை.

உங்கள் வண்டியில் கார்புரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) யாரோ எப்போதோ மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும்! என் வண்டியிலும் பழைய ஆட்டோலைட் 1100-ஐ எடுத்துவிட்டு, இரட்டைக் குழல் கார்புரேட்டரை அடாப்டர் வைத்து மாட்டியிருந்தார்கள். சமதளத்தில் ஒழுங்காக ஓடும். ஏற்றத்தில் பெடலைத் தரை வரை மிதித்தாலும் சத்தம்தான் ஏறுமே தவிர வேகம் ஏறாது. ஒரு பட்டறையில் காட்டினேன். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் முடிந்தது, வி8 போட்டுக்கொள்ளுங்கள் என்று எஸ்டிமேட்டையே நீட்டிவிட்டார்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து நானே கேஜ் வைத்துப் பார்த்தேன். ஆறு சிலிண்டரும் குறைவில்லாமல், ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. தேய்ந்த எஞ்சின் அப்படிக் காட்டாது.

அடுத்து டைமிங் லைட், ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் விளக்கு. கிராங்க் புல்லியில் இருக்கும் குறியில் சாக்பீஸ் தேய்த்து, லைட்டை அடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினேன். வேகம் கூடக் கூட ஸ்பார்க் முன்கூட்டி விழ வேண்டும், குறி நகர வேண்டும். அது நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) குழாயைத் தேடிப் பிடித்தால், அதன் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்துவைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். 1967 வரை இந்த எஞ்சினில் வந்த 'லோட்-ஓ-மேட்டிக்' டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியில் விரியும் எடைக்கட்டிகளே கிடையாது. எப்போது, எவ்வளவு முன்கூட்டி ஸ்பார்க் கொடுப்பது என்பதை கார்புரேட்டரிலிருந்து வரும் வாக்குவத்தை வைத்து மட்டும்தான் அது முடிவு செய்யும். அதற்கான விசேஷ வால்வு அந்த ஆட்டோலைட் 1100-இல்தான் இருக்கிறது. இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது குருடாகிவிடும். வேறு கார்புரேட்டரில் அந்தக் குழாயை எங்கே மாட்டினாலும் சரியாக வராது, ஏனென்றால் பெடலை முழுக்க மிதித்ததும், கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில் வாக்குவம் விழுந்துவிடும். மேட்டில் தேவைப்படும் நேரத்தில் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டி விழுவது) இருக்காது.

எடைக்கட்டியும் வாக்குவமும் இரண்டும் உள்ள பிற்கால டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கிப் போட்டேன். எழுபதுகளில் வந்த எலக்ட்ரானிக் 'டியூராஸ்பார்க்' வகையும் இதில் உட்காரும். வாங்கும் முன் ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய எஞ்சின் சிலவற்றில் அது சிறியது. மாற்றிய பிறகு, முன்பு இரண்டாம் கியருக்கு இறக்கிய அதே ஏற்றத்தில் மூன்றாவதிலேயே ஏறியது. ரிங் தேய்ந்ததாகச் சொன்ன அதே எஞ்சின்!

அந்தப் பட்டறையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் வாட்டர் பம்ப் வேலைக்கு விட்டிருந்தபோது, கழற்றிய பழைய பம்பைத் திருப்பித் தாருங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். வண்டியோடு வந்த ஒரிஜினல் அது. குப்பையில் போய்விட்டது என்றார்கள். இங்கே கலிபோர்னியாவில், வேலைக்கு விடும்போதே கேட்டுவிட்டால், எக்ஸ்சேஞ்ச், வாரண்டி பாகங்கள் தவிர மற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கு மேலும் வேண்டும் என்றால் ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டர்களின் மேல் உட்காரும் மூடிக்கு, போக வேண்டும். இந்த எஞ்சினின் உண்மையான மூச்சுத்திணறல் அங்கேதான். இன்டேக் மேனிஃபோல்டு தனியாக இல்லை, ஹெட்டோடு சேர்த்தே வார்த்த ஒற்றைக் குழாய் அது. நடுவில் கார்புரேட்டர், ஓரத்தில் இருக்கும் ஒன்றாம், ஆறாம் சிலிண்டர்களுக்குக் கலவை ஒழுங்காகப் போய்ச் சேராது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த ஹெட்டில் குழாயும் பெரிது, இன்டேக் வால்வும் பெரிது. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஆலையில் போட்டது மெல்லிய எஃகுத் தகடு கேஸ்கெட், இன்று கடையில் கிடைப்பது அதைவிடத் தடிமன். சும்மா கழற்றி மாட்டினாலே 9.2:1 என்றிருந்த கம்ப்ரெஷன் விகிதம் இறங்கிவிடும். கூடின தடிமனுக்கு ஈடாக ஹெட்டைச் சீவச் சொல்லுங்கள். எக்ஸாஸ்டில் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களின் புகை ஒட்டிய வாயில் வருகிறது, நடுவில் தடுப்பு வைத்து நல்ல ஹெடர் (புகையைத் தனித்தனியாக வெளியேற்றும் குழாய்த் தொகுதி) போட்டால் பலன் தெரியும்.

வி8 போடச் சொல்பவர்கள், அது எஞ்சினோடு முடியாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஸ்பிரிங், பின் ஆக்ஸில், ரேடியேட்டர், நான்கு போல்ட் சக்கரத்திலிருந்து ஐந்து போல்ட் என்று எல்லாமே மாற வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஹெட்டைக் கழற்றும் முன் பிரேக்கைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கிலும் டிரம்தான், அதுவும் வி8-இல் இருப்பதைவிடச் சிறியது. 1966-இல் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறைதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல் வந்த மாதிரி இரட்டை அறை சிலிண்டரை முதலில் மாட்டுங்கள், ஹெட் அதற்கு அப்புறம்.