3-60எஃப் என்றால் என்ன? பேபிளேடு பற்றி வாசகர் கேள்விகள்

எட்டு வயது மகன் பிறந்தநாளுக்கு பேபிளேடு (மோதவிட்டு ஆடும் பொம்மைப் பம்பரம்) கேட்கிறான். பெட்டிகளில் 3-60எஃப், 4-80பி என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. எதை வாங்குவது? (ஒரு வாசகி, கோவை)

அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் போதும், கடைக்காரரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நீங்கள் பார்த்தவை 2023-ல் ஜப்பானின் டக்காரா டோமி நிறுவனம் கொண்டுவந்த 'பேபிளேடு எக்ஸ்' வகை. பாகங்கள் மூன்றுதான். மேலே உலோகம் வைத்த பிளேடு, நடுவில் ராட்செட், அடியில் தரையைத் தொடும் பிட். 3-60 என்பது ராட்செட்டைக் குறிக்கும்: சுற்றிலும் 3 புடைப்பு, உயரம் 6.0 மி.மீ. கடைசி எழுத்து பிட். எஃப் தட்டை முனை. ஸ்டேடியம் (பம்பரங்களை மோதவிடும் பிளாஸ்டிக் களம்) முழுக்க ஓடி மோதும், சீக்கிரம் களைத்துவிடும். பி உருண்டை முனை, நெடுநேரம் சுற்றும். 'என்' (N) என்றால் ஊசி முனை. நடுவில் நின்று அடி வாங்கும். டி கூம்பு முனை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

முதல் தடவை எஃப் ஒன்று, பி ஒன்று வாங்குங்கள். ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினால் ஆட்டம் சப்பென்று போகும். 'ஸ்டார்ட்டர்' பெட்டியில் பம்பரத்தைச் சுழற்றிவிடும் லாஞ்சர் இருக்கும். விலை குறைந்த 'பூஸ்டர்' பெட்டியில் இருக்காது. பெட்டியைப் பிரித்த பிறகு இது தெரிந்தால் பிறந்தநாள் அழுகையில் முடியும். அண்ணன் காலத்து பர்ஸ்ட், மெட்டல் வகைகள் வீட்டில் கிடந்தால், அவற்றின் பாகமோ லாஞ்சரோ இதற்குப் பொருந்தாது.

லேசாக இடித்தாலே பிரிந்து சிதறுகிறது. டூப்ளிகேட் கொடுத்துவிட்டார்களா? (ஒரு வாசகர், திருச்சி)

பிரிவது ஆட்டத்திலேயே உள்ளதுதான். எதிராளியின் பம்பரத்தைப் பிரித்தால் 2 புள்ளி. ஸ்டேடியத்தின் ஓரக்குழியில் தள்ளினாலும் 2. ஓரக்குழிகளுக்கு நடுவில் உள்ள எக்ஸ்ட்ரீம் குழியில் தள்ளினால் 3. எதிராளியின் பம்பரம் முதலில் தானாகச் சுற்றி ஓய்ந்தால் 1. முதலில் 4 எடுப்பவர் ஜெயிப்பார்.

ஆனால் தொட்டதுமே பிரிந்தால் மாட்டியதில் கோளாறு. முதலில் பிட்டை ராட்செட்டுக்குள் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு பிளேடைக் கவிழ்த்து அதில் ராட்செட்டை வைத்து, மறுபடி 'டக்' கேட்கும்வரை திருகுங்கள். பிள்ளைகள் பாதித் திருகலோடு விட்டுவிடுவார்கள். சரியாக மாட்டியும் பிரிகிறதென்றால் வேறொரு பிட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் பிரியாமல் இருந்தால், பழைய பிட்டின் பிடி தேய்ந்துவிட்டது. பிளேடைத் தூக்கிப் போட வேண்டாம், பிட் மாற்றினால் போதும்.

டூப்ளிகேட்டா என்பதற்கு வேறு சோதனை. உலோக விளிம்பில் விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள். பிசிறு தட்டினால் திருப்பிக் கொடுங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் அதையும் பாருங்கள்.

லாஞ்சரில் செருகி இழுக்கும் பட்டையின் பல் உடைந்துகொண்டே இருக்கிறது. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பட்டையை முழுதாகச் செருகாமல் இழுப்பது ஒன்று, மேல்நோக்கிச் சாய்த்து இழுப்பது இன்னொன்று. இரண்டிலும் முழு விசையும் ஓரிரு பற்களின் மேல் விழும். லாஞ்சர் பிடித்த கை அசையக் கூடாது. மற்ற கை தரைக்கு இணையாக நேரே, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பிடித்த கையும் சேர்ந்து ஆடினால் பம்பரம் சாய்ந்து இறங்கி, இரண்டு சுற்றில் படுத்துவிடும். கயிறு வைத்த லாஞ்சர் சின்னக் கைகளுக்கு வசதி. ஆனால் இழுத்த கயிற்றைச் சட்டென்று விட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும்; கையோடு கொண்டுபோய்த்தான் விட வேண்டும்.

ஸ்டேடியம் வாங்கியே ஆக வேண்டுமா? தரையில் விட்டால் என்ன? (ஒரு வாசகர், சேலம்)

சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் முனை சீக்கிரம் தேய்ந்துபோகும். எஃப் பிட்டின் ஓரம் மழுங்கினால் ஓட்டம் போச்சு. அதைவிட, எக்ஸ் வகையின் உயிரே ஸ்டேடியத்தின் ஓரத்தில் உள்ள பல் வரிசைதான். பிட்டைச் சுற்றியுள்ள பற்கள் அதில் கோத்துக்கொண்டதும் பம்பரம் திடீரென்று பாயும். பிளாஸ்டிக் பேசினில் விட்டுப் பழகலாம், ஆனால் இந்தப் பாய்ச்சல் கிடைக்காது. ஸ்டேடியத்தோடு வரும் ஒளிபுகும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆட விடாதீர்கள். உலோக பிளேடு கண் உயரத்துக்கு எகிறும். அடியில் பழைய ஜமுக்காளம் விரித்தால் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வராது.

நம்ம பம்பரம் போதாதா? (ஒரு வாசகர், மதுரை)

இரண்டும் சொந்தக்காரர்கள்தான். பேபிளேடுக்கு மூலம் ஜப்பானின் 'பேகோமா' என்னும் சின்ன இரும்புப் பம்பரம். கயிறு சுற்றி, வாளிமேல் விரித்த துணியில் வீசுவார்கள். தாழ்வாக இருப்பது எதிரியின் அடியில் புகுந்து தூக்கிவிடும் என்பதால் அங்கே சிறுவர்கள் அதை உரசி உரசித் தேய்த்தார்கள். நம் பையன்கள் ஆணியைத் தீட்டியது போலத்தான். பம்பரத்தில் வித்தை சாட்டை சுற்றுவதிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது, பிடிபட நாளாகும். வாங்கிக் கொடுப்பதானால் மண் தரை பார்த்து விடுங்கள், காலில் செருப்பு இருக்கட்டும். டைல்ஸில் குத்தினால் பில் உங்களுக்குத்தான்.