காலண்டர்ல இடம் இருக்கு, ஆத்தரைசேஷன்ல யூனிட் இருக்கா?

டெக்ஸாஸ்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு ஏபிஏன்னு சொல்ற நடத்தைப் பயிற்சி தெரபி குடுக்கிற ஒரு சின்ன கிளினிக்ல ஸ்கெட்யூலரா இருக்காங்களாம், 12 பிள்ளைங்க, எல்லாருக்கும் கூகுள் காலண்டர்ல தான் அப்பாயின்ட்மென்ட் போடுறாங்க. இவ்வளவு யூனிட் தெரபிக்கு காசு தர்றோம்னு இன்ஷூரன்ஸ் முன்கூட்டியே குடுக்கிற அனுமதி தான் ஆத்தரைசேஷன். போன மாசம் ரெண்டு பிள்ளைங்களுக்கு இன்ஷூரன்ஸ்கிட்ட காசு கேட்டு அனுப்பின கிளெய்ம், அதுல அப்ரூவ் ஆன யூனிட்டைத் தாண்டிருச்சுன்னு டினை ஆகி, அதாவது காசு தர முடியாதுன்னு, வந்திருக்கு. பெரிய சாஃப்ட்வேர் வாங்க ஓனர்கிட்ட இப்ப காசு இல்ல. "காலண்டரை வச்சே இதை தடுக்க முடியுமா, இல்ல நான் தினமும் கையால கூட்டிக்கிட்டே இருக்கணுமா?" இதான் கேள்வி.

முதல்லயே சொல்லிடுறேன், கூகுள் காலண்டரோ அவுட்லுக்கோ தானா உங்களை தடுக்காது. அதுக்கு தெரிஞ்சது நேரமும் தேதியும் மட்டும் தான், செவ்வாய்க்கிழமை 3:30க்கு அந்த தெரபிஸ்ட் ஃப்ரீயா இல்லையான்னு சொல்லும், அந்தப் பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் குடுத்த யூனிட் இன்னும் மிச்சம் இருக்கான்னு அதுக்கு எப்படி தெரியும்? அதை நாமதான் அதுக்குள்ள கொண்டு போய் வைக்கணும். 12 பிள்ளைங்கன்னா தாராளமா செய்யலாம், நான் 20 பேர் வரைக்கும் இப்படித்தான் ஓட்டினேன்.

கணக்குல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா தப்பு நடக்கிறது அங்கதான். தெரபிஸ்ட் பிள்ளையோட நேரா உக்காந்து செய்யுற வேலைக்கு பில்லிங் கோடு நம்பர் 97153, பிசிபிஏ, அதாவது தெரபியை மேற்பார்வை பாக்குற சர்டிஃபிகேட் வாங்கின நிபுணர், வந்து ப்ரோக்ராமை மாத்தி அமைக்கிறதுக்கு 97155, அப்பா அம்மாவுக்கு ட்ரெய்னிங் குடுக்கிறதுக்கு 97156. இது எல்லாமே ஒரு யூனிட் 15 நிமிஷம், ஒரு மணி நேரம்னா 4 யூனிட். பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு ஒரு ஆத்தரைசேஷன் வரும். ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், 2025 மார்ச் 3ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும், சரியா 26 வாரம், 97153க்கு 2080 யூனிட். அதாவது 520 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம். ஸ்கூல் விட்டு வந்ததும் 3:30ல இருந்து 7:30 வரைக்கும், திங்கள் டு வெள்ளி. காலண்டர்ல போட்டா கச்சிதமா உக்காருது, எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜூன் 2 வருது, ஸ்கூல் லீவு. அம்மா கேக்குறாங்க, பிள்ளை பகல் பூரா வீட்ல தானே இருக்கான், கொஞ்சம் கூட்டிக் குடுங்கன்னு. தெரபிஸ்ட்டும் ஃப்ரீ, காலண்டர்லயும் இடம் இருக்கு, நீங்க 4 மணி நேரத்தை 6 ஆக்கிடுறீங்க. நல்ல மனசோட செஞ்சது தான். ஆனா வாரத்துக்கு 80 யூனிட் போய்க்கிட்டு இருந்தது இப்ப 120 போகுது. மெமோரியல் டே லீவான மே 26 அன்னிக்கும் ஜூலை 4 அன்னிக்கும் கிளினிக் மூடியிருந்ததா வச்சுக்கிட்டாலும், மே கடைசி வரைக்கும் 1024 யூனிட் போயிருக்கும், அதுக்கப்புறம் ஒன்பது வாரத்துல 1056, ரெண்டையும் கூட்டுங்க, 2080. ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில ஒரு யூனிட் கூட இல்ல, ஆத்தரைசேஷன் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு, காலண்டர் பாட்டுக்கு அடுத்த திங்கள்கிழமையும் செஷன் காட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு வந்த ரெண்டு டினையலும் இப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன், தேதியை எடுத்துப் பாருங்க.

சரி, இதை காலண்டருக்குள்ள எப்படி பிடிச்சு வைக்கிறது.

ரிப்பீட் ஆகுற ஈவென்ட்டை எப்பவுமே முடிவே இல்லாம விடாதீங்க. ரிப்பீட் செட் பண்ற இடத்துல கடைசித் தேதி கேக்கும் பாருங்க, அதுல ஆத்தரைசேஷன் முடியுற தேதியைப் போடுங்க, புது ஆத்தரைசேஷன் லெட்டர் கையில வந்தப்புறம் புது சீரிஸ் ஆரம்பிங்க. சின்ன விஷயமா தெரியும், ஆனா நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கிளினிக்ல ஒரு பிள்ளையோட சீரிஸ் முடிவில்லாம ஓடிக்கிட்டு இருந்தது, ரெனியூவல் பேப்பர் போகவே இல்ல, காலண்டர்ல செஷன் இருக்கேன்னு எல்லாரும் வந்து போய்க்கிட்டு இருந்தாங்க, மூணு வாரம் கழிச்சு பில்லிங்ல தான் தெரிஞ்சது. அந்த மூணு வாரக் காசு போனது கூட பரவாயில்ல, அதுக்கப்புறம் புது ஆத்தரைசேஷன் வர்ற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு தெரபி நின்னு போச்சு, அப்பதான் வாயைத் திறந்து தண்ணி கேக்க ஆரம்பிச்சிருந்தான். அன்னிக்கு அவங்க அம்மாகிட்ட போன்ல பேசினது நான் தான், இன்னும் மறக்கல. சீரிஸ் முடியுற தேதி வந்ததும் காலண்டர் காலியா தெரிஞ்சா அந்தக் காலியே உங்களுக்கு அலாரம்.

அடுத்தது ஈவென்ட் டைட்டில். பிள்ளை பேரைப் போடாதீங்க, உள்ளுக்குள்ள ஒரு நம்பர் குடுங்க, அப்புறம் கோடு, அப்புறம் எத்தனை யூனிட். "சி114 / 97153 / 16" இப்படி. ஒரே மாதிரி, எல்லா ஈவென்ட்லயும், ஸ்பேஸ் கூட மாறாம. நோயாளி விவரத்தைக் காக்கிற அமெரிக்கச் சட்டம் ஹிப்பா, அந்த விஷயம் இதுல இருக்கு, சும்மா ஜிமெயில் அக்கவுன்ட்டோட காலண்டர்ல நோயாளி விவரம் வைக்கவே கூடாது, நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸ் அக்கவுன்ட் எடுத்து, நோயாளி விவரத்தை பாதுகாப்பா வைக்கிறதுக்கான கூகுளோட பிஏஏ ஒப்பந்தத்தை ஓனர் ஏத்துக்கிட்டிருக்கணும். இதை இன்னிக்கே கேளுங்க, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி.

டைட்டில் ஒழுங்கா இருந்தா மிச்சம் சுலபம். ஒரு ஷீட், ஒவ்வொரு ஆத்தரைசேஷனுக்கும் ஒவ்வொரு கோடுக்கும் ஒரு வரி, ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, அப்ரூவ் ஆன யூனிட், முடிஞ்ச யூனிட், இனிமே காலண்டர்ல புக் ஆகியிருக்கிற யூனிட், மிச்சம். நிறைய பேர் அப்ரூவ் ஆனதுல இருந்து பில் பண்ணதை கழிச்சிட்டு மிச்சம் 600 இருக்குன்னு நிம்மதியா இருப்பாங்க, ஆனா அந்த 600க்கு மேல ஏற்கனவே 700 யூனிட் காலண்டர்ல எழுதி வச்சிருக்கும். புக் பண்ணதும் அது செலவான மாதிரி தான். அதனால மிச்சம்னா அப்ரூவ் ஆனது கழித்தல் முடிஞ்சது கழித்தல் புக் ஆனது, அந்த நம்பர் மைனஸ்ல போனா செல் சிவப்பா மாறணும். உதாரணத்துல சொன்ன பிள்ளைக்கு, லீவுக்காக ஈவென்ட்டை 6 மணி நேரமா மாத்தின அன்னிக்கே, அதாவது ஜூன் ஆரம்பத்துலயே, அந்த செல் சிவப்பாயிருக்கும்.

காலண்டர்ல இருந்து ஷீட்டுக்கு கொண்டு வர ஆப்ஸ் ஸ்கிரிப்ட்னு ஒண்ணு கூகுள் ஷீட்டுக்குள்ளயே இருக்கு, தேதி குடுத்தா அந்த இடைவெளில உள்ள ஈவென்ட் எல்லாத்தையும் வரிசையா எடுத்துக் குடுக்கும், முப்பது வரி ப்ரோக்ராம் போதும், தெரிஞ்சவங்க யாராவது ஒரு சாயங்காலத்துல எழுதிக் குடுத்துருவாங்க. ஸ்கிரிப்ட் வேணாம்னா வாரா வாரம் கையால அடிங்க, 12 பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகும்.

இங்க ஒரு எச்சரிக்கை, நம்ம ஆளுங்களுக்குன்னே சொல்லணும். நிறைய கிளினிக்குக்கு பில்லிங்கும் ஆத்தரைசேஷன் ஃபாலோ அப்பும் சென்னைல, கோயம்புத்தூர்ல இருந்து நடக்குது. டெக்ஸாஸ்ல ஜூன் மாசம் வெள்ளிக்கிழமை மதியம் 3:30 செஷன், சென்னைல உக்காந்து பாக்குறவங்க காலண்டர்ல சனிக்கிழமை விடியக்காலை 2 மணியா தெரியும். தேதி ஒரு நாள் தள்ளிப் போச்சு. வாரக் கணக்கு, கடைசி நாள் கணக்கு எல்லாம் தப்பாகும். காலண்டரோட டைம்ஸோன், ஷீட்டோட டைம்ஸோன், ஸ்கிரிப்ட்டோட டைம்ஸோன், மூணும் கிளினிக் இருக்கிற ஊர் நேரத்துல இருக்கான்னு பாருங்க.

காலண்டர்ல போட்ட 16 யூனிட் நிஜத்துல எப்பவும் 16ஆ இருக்காது, அதையும் மறக்காதீங்க. ரெண்டு மணி நேர செஷன் 1 மணி 50 நிமிஷத்துல முடிஞ்சா 8 யூனிட் இல்ல, 7 தான், ஏன்னா கடைசி யூனிட்டை சேர்க்க குறைஞ்சது 8 நிமிஷமாவது ஆகியிருக்கணும், இங்க 5 நிமிஷம் தான் இருக்கு. 1 மணி 53 நிமிஷம்னா 8. அதனால முடிஞ்ச யூனிட் காலம்ல காலண்டர் நம்பரை வைக்காதீங்க, செஷன் நோட்ல சைன் ஆன நேரத்தை வச்சுப் போடுங்க. கேன்சல் ஆன செஷனை டெலீட் பண்ணாம டைட்டில்ல முன்னாடி "கேன்சல்"னு போட்டு யூனிட்டை 0 ஆக்குங்க, யார் எப்ப எதுக்கு கேன்சல் பண்ணாங்கன்னு ரெனியூவல் நேரத்துல பிசிபிஏ கேப்பாங்க, அப்ப தேட வேண்டி வராது.

லெட்டரை முழுசா படிங்க. சில இன்ஷூரன்ஸ் மொத்தமா 2080 குடுக்கும், சிலது வாரத்துக்கு 80ன்னு குடுக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. வாரக் கணக்கு தான்னா இந்த வாரம் பிள்ளைக்கு காய்ச்சல்னு விட்டுப்போன 16 யூனிட் அடுத்த வாரத்துக்கு வராது, விட்டுப்போனதுக்கு பதிலா மேக்கப் செஷன் போட்டா அதுதான் டினை ஆகும். அவங்க வாரம் ஞாயிறுல ஆரம்பிக்குதா திங்கள்ல ஆரம்பிக்குதான்னு போன் பண்ணிக் கேளுங்க, காலண்டர் செட்டிங்ல வாரம் ஆரம்பிக்கிற நாளை அதே மாதிரி மாத்தி வைங்க. ஒரு நாளைக்கும் எல்லை இருக்கு, வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற இன்ஷூரன்ஸான மெடிக்கேய்ட்டோட, என்சிசிஐங்கிற பில்லிங் விதிப் பட்டியல்ல 97153க்கு ஒரு நாளைக்கு 32 யூனிட், அதாவது 8 மணி நேரம், மேக்கப்பை ஒரே நாள்ல அடைச்சு வைக்கிறவங்க இதுல மாட்டுவாங்க.

97155ஐ தனி கலர்ல போடுங்க. பிசிபிஏ, தெரபிஸ்ட் செஷன் நடக்கும்போதே உள்ள வந்து பாப்பாங்க, ரெண்டு ஈவென்ட்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். ஒரே நேரத்துக்கு ரெண்டு கோடும் பில் பண்ண சில இன்ஷூரன்ஸ் விடும், சிலது விடாது. விடாதுன்னா அந்த ஒரு மணி நேரத்துக்கு 97153ல 4 யூனிட்டை கழிக்கணும், இல்லன்னா உங்க ஷீட்ல ரெண்டு பக்கமும் செலவாகிட்டே இருக்கும். பொதுவா 10 மணி நேர தெரபிக்கு 2 மணி நேர சூப்பர்விஷன்ங்கிறது இந்தத் துறைல ஏத்துக்கிட்ட அளவு, 520 மணி நேரத்துக்கு 104, அதாவது 416 யூனிட். லெட்டர்ல 97155க்கு அதைவிட ரொம்ப கம்மியா வந்திருந்தா உடனே பிசிபிஏகிட்ட காட்டுங்க, அஞ்சாவது மாசம் காட்டி பிரயோஜனம் இல்ல.

இனி அந்த லீவு விஷயத்துக்கு வர்றேன், அம்மா கூட்டிக் கேட்டாங்கல்ல. முடியாதுன்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா காலண்டரை இழுக்கிறதுக்கு முன்னாடி பிசிபிஏகிட்ட போங்க. லீவுல கூடுதல் நேரம் பிள்ளைக்கு நிஜமாவே தேவைன்னு அவங்க நினைச்சா, ஏன் தேவைன்னு எழுதி கூடுதல் யூனிட் கேட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பலாம், ஏப்ரல்லயே அனுப்பணும். அது அப்ரூவ் ஆகி லெட்டர் வந்தப்புறம் ஈவென்ட்டை 6 மணி நேரமாக்குங்க, மாத்தும்போது "இதுவும் இனிமே வர்றதும்"ங்கிறதை தேர்ந்தெடுங்க, "எல்லாம்"னு குடுத்தா முடிஞ்சுபோன மார்ச் செஷனும் சேர்ந்து மாறிடும், அப்புறம் பழைய ரெக்கார்டு எதையும் நம்ப முடியாது. அதே மாதிரி, முடிவுல யூனிட் மிச்சம் இருக்கேன்னு செஷனை இழுத்து நீட்டுறதும் தப்பு. அது பிள்ளையோட தேவைக்கு குடுத்த உச்ச அளவு, தீர்த்தே ஆகணும்னு குடுத்தது இல்ல.

டெக்ஸாஸ் மெடிக்கேய்ட் 2022 பிப்ரவரியில தான் ஏபிஏவை கவர் பண்ண ஆரம்பிச்சது, அதனால சின்ன கிளினிக்குங்க பல பேருக்கு இந்த நடைமுறை எல்லாம் இன்னும் புதுசு தான், உங்க மேல மட்டும் பழியைப் போட்டுக்காதீங்க. ஆனா ஓனருக்கு ஒண்ணு சொல்லுங்க, மெடிக்கேய்ட் குடுக்கிறதை முழுப் பணமா ஏத்துக்கணும்ங்கிறது ஃபெடரல் விதி, நாம கணக்கை தப்பா போட்டு டினை ஆனதை குடும்பத்துக்கிட்ட போய் வசூல் பண்ணலாம்னு யோசிக்கவே கூடாது.

ரிமைண்டர் ஒவ்வொரு ஆத்தரைசேஷனுக்கும் மூணு வைங்க, முடியுறதுக்கு 60 நாள் முன்னாடி பிசிபிஏவுக்கு பிள்ளையை திரும்ப மதிப்பிடுற ரீஅசெஸ்மென்ட் ஆரம்பிக்கச் சொல்லி, 30 நாள் முன்னாடி பேப்பர் போயிடுச்சான்னு பாக்க, 14 நாள் முன்னாடி லெட்டர் வரலன்னா இன்ஷூரன்ஸுக்கு போன் பண்ண. நாள் கணக்கு நான் வச்சுக்கிட்டது, உங்க இன்ஷூரன்ஸ் எத்தனை நாள் முன்னாடி கேக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ஜனவரி 1ல இன்னொரு ரிமைண்டர், வருஷம் பொறந்ததும் நிறைய வீட்ல வேலை இடத்து இன்ஷூரன்ஸ் மாறும், பிளான் மாறிட்டா பழைய ஆத்தரைசேஷன்ல எத்தனை யூனிட் மிச்சம் இருந்தாலும் செல்லாது, அதனால டிசம்பர்லயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போட்டு கேட்டுருங்க.

பிள்ளைங்க 25, 30 ஆகும்போது ஷீட்டை விட்டுட்டு சென்ட்ரல்ரீச் மாதிரி ஆத்தரைசேஷனையும் ஸ்கெட்யூலையும் சேர்த்துப் பாக்குற சாஃப்ட்வேருக்கு போங்க, அப்ப உங்க ஷீட்ல இருக்கிற விவரம் அதுல ஏத்த கை குடுக்கும். இப்போதைக்கு இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க, 12 பேரோட லெட்டரையும் எடுத்து வச்சுக்கிட்டு காலண்டர்ல முடிவில்லாம ஓடுற சீரிஸ் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க, முதல்ல அதுக்கெல்லாம் கடைசித் தேதி போடுங்க. டினை ஆன அந்த ரெண்டு பிள்ளைங்களோட லெட்டர்ல இருந்து ஆரம்பிங்க.