கனவைக் காட்சியாக்குதல்: பள்ளி நாடகக் கேள்வி பதில்

ஆண்டு விழாவுக்குச் சர்ரியலிச நாடகம் (கனவைப் போல் நடக்கும் நாடகம்) தயாரிக்கும் சென்னைப் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு நாடகப் பயிற்றுநர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: கதை கையில் இல்லாதபோது காட்சிகளை எங்கிருந்து தொடங்குவது?
(ஆசிரியை, மயிலாப்பூர்)

பதில்: கனவிலிருந்து. 1924-இல் பாரிஸில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை, அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் ஓடும் ஓட்டத்தைப் பதிவு செய்வதையே சர்ரியலிச இயக்கத்தின் அடிப்படையாக வரையறுத்தது. அதன்படி மாணவர்கள் ஒரு வாரம், விழித்தவுடன் கனவை எழுதி, பெயர் குறிக்காமல் பெட்டியில் இடட்டும். இறந்துபோன தாத்தாவோ வீட்டுச் சண்டையோ அதில் வரக்கூடும் என்பதால், யாருடைய கனவு என்று ஒருவரும் துருவக் கூடாது. இடம், பொருள், செயல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கனவு நினைவில் நிற்காதவர்களுக்கு, பிரெத்தோனின் குழுவினர் 1925 வாக்கில் ஆடிய மடித்த தாள் விளையாட்டு உதவும்: ஒருவர் 'யார்' என்று எழுதி மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதைப் பாராமலே 'எங்கே' என்றும், மூன்றாமவர் 'என்ன செய்கிறார்' என்றும் எழுதுவார்கள். கிடைப்பவற்றில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் நாடகம் வெறும் உளறலாகிவிடாதா?
(11-ஆம் வகுப்பு மாணவர், பெரம்பூர்)

பதில்: ஆகிவிடும். பறக்கும் மீன், பேசும் நாற்காலி, தலைகீழாக நடக்கும் மன்னன் என எல்லாவற்றையும் ஒரே காட்சியில் கொட்டினால் எதுவுமே வியப்பளிக்காது. உலகத்தின் ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டு, மற்ற அனைத்தையும் இம்மியும் பிசகாமல் வழக்கம்போல் வைத்திருங்கள்.

தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்வோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது தெருவில் நின்ற குட வரிசைகள் இந்நகரத்துக் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. லாரி வருகிறது, குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக மனிதக் குரல்கள் கொட்டுகின்றன. ஒருவரும் திடுக்கிடுவதில்லை. "எனக்கு ரெண்டு குடம்தான் கிடைச்சுது" என்று வழக்கமான சண்டைதான் நடக்கிறது. வீட்டில் அம்மா உலைப்பானையில் குடத்தைச் சாய்க்க, எதிர்வீட்டுப் பாட்டியின் தாலாட்டு வழிகிறது. உப்புக் கரிக்கிறது என்று மகன் முகம் சுளிக்கிறான். மறுநாள் வரிசையில் அந்தப் பாட்டியும் நிற்கிறார், ஆனால் தம் முறை வந்தும் கேட்பதற்கு அவரிடம் குரல் இல்லை. வெற்றுப் பிளாஸ்டிக் குடத்துக்குள் பேசினாலே எதிரொலி கிடைத்துவிடும் என்பதால் ஒலிப்பதிவும் தேவைப்படாது.

கேள்வி: உருகும் கடிகாரங்களை மேடையில் வைக்கலாமா?
(மாணவி, தாம்பரம்)

பதில்: வேண்டாம். சர்ரியலிச ஓவியர் டாலி அதை 1931-இலேயே வரைந்துவிட்டார். தெர்மாகோலில் வெட்டி வைத்தால் அந்த ஓவியம்தான் நினைவுக்கு வரும். உங்கள் பள்ளி மணியைப் பயன்படுத்துங்கள். அது ஓசையின்றி அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் வகுப்பிலிருப்போர் பத்து வயது மூப்படைகிறார்கள். பாடம் மட்டும் அதே பக்கத்தில் நிற்கிறது.

கேள்வி: பெற்றோருக்குப் புரியாது, முடிவில் ஒரு கருத்தைச் சொல்லுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?
(ஆசிரியர், வியாசர்பாடி)

பதில்: மேடையேறி விளக்கவுரை ஆற்றினால் நாடகம் அங்கேயே செத்துவிடும். தலைமையாசிரியரிடம் தெருக்கூத்தை நினைவூட்டுங்கள். கட்டியங்காரன் வரப்போகும் வேடத்தை அறிவிப்பதையும், திரைக்குப் பின்னால் நிற்பவரோடு பேசுவதையும், நடுவே சபையோரிடம் கிண்டல் செய்வதையும் நம் மக்கள் எவ்விதக் குழப்பமும் இல்லாமல் ஏற்று வந்திருக்கிறார்கள். இருவர் பிடிக்கும் துணித்திரை ஒன்று போதும். விளக்கை அணைக்க வசதியில்லாத பள்ளி அரங்குக்கு அதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை. கட்டியங்காரன் மன்னரை அறிவிக்கட்டும். திரை இறங்கும்போது அங்கே ஒரு காலிக் குடம் மட்டும் இருக்கட்டும். அவன் சற்றும் தயங்காமல் அதை வணங்கி ஊர்க் குறைகளைச் சொல்லத் தொடங்கட்டும். பெற்றோர் முதலில் சிரிப்பார்கள். கருத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: வசனம் எவ்வளவு இருக்க வேண்டும்?
(நாடக மன்றப் பொறுப்பாளர், அண்ணா நகர்)

பதில்: குறைவாக. சர்ரியலிச இயக்கத்திலிருந்து 1926-இல் விலக்கப்பட்ட பிரெஞ்சு நாடகக் கலைஞர் ஆர்த்தோ, 1931-இல் பாரிஸில் பாலித் தீவினரின் நடனத்தைப் பார்த்த பின், மேடை உரையாடலுக்கு அடிமையாக இருக்கத் தேவையில்லை என்று இன்னும் உறுதியாக வாதிட்டார். முதல் ஒத்திகையைப் பேச்சின்றி நடத்துங்கள். பேச்சில்லாமல் தாக்குப்பிடிக்காத காட்சியை வசனம் காப்பாற்றாது. பிறகு எழுதும் வசனமும் ரேஷன் கடையில் கேட்கும் பேச்சாகவே இருக்கட்டும். கவித்துவமாகப் பேச விரும்பும் மாணவர் எப்படியும் ஒருவர் இருப்பார். அவருக்குக் கட்டியங்காரன் வேடத்தைக் கொடுத்துவிடுங்கள்.