டிவிடி ரைட்டர் வாங்கலாமா?

கணினி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளித்து வருகிறேன். இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு ஒரே கருவியைப் பற்றியவை. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த நான்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பழைய மேசைக் கணினி பழுதடைந்ததால் புதிய மடிக்கணினி வாங்கினோம். அதில் தட்டு போடும் இடமே இல்லை. 2003ஆம் ஆண்டில் நடந்த எங்கள் திருமணம், மகளின் காதணி விழா, அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றம் என்று ஏறத்தாழ அறுபது தட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு டிவிடி ரைட்டர் வாங்கிவிடலாம் என்கிறேன் நான். இந்தக் காலத்தில் யார் அதை வாங்குவார்கள் என்கிறார் என் கணவர். படிக்க மட்டும் செய்யும் கருவி போதுமா, பதியவும் செய்வது வேண்டுமா? - வாசகி, ஈசூன்

பதில்: வாங்குங்கள். உங்கள் கணவர் சொல்வதிலும் தவறில்லை. புதிதாக எதையேனும் பதிந்து வைப்பதற்காக இந்தக் கருவியை இன்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறுபது தட்டுகளில் உள்ளதை வெளியே எடுப்பதற்கு அது இல்லாமல் வழியில்லை. நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் இரவல் கிடைத்தால் வாங்கவும் வேண்டாம், ஏனெனில் வேலை முடிந்தபின் அது மேசை இழுப்பறையில்தான் கிடக்கப்போகிறது.

படிப்பதற்கு மட்டுமா, பதிவதற்குமா என்ற கேள்விக்குச் சந்தையே விடை சொல்லிவிட்டது. கணினியுடன் வெளியிலிருந்து இணைக்கும் கருவிகளில் படிக்க மட்டும் செய்பவை இப்போது அரிது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ரைட்டர்களே. ஒரு காலத்தில் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் மாடிக்கு மாடி அடுக்கி வைத்திருந்த பொருள் இது. இன்று கேட்டால் கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

தள்ளிப்போடக் கூடாத வேலை இது என்பதற்குக் காரணம் தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கடையில் விற்கும் திரைப்படத் தட்டுகள் ஆலையில் அச்சு வார்த்தவை. அவற்றில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாகப் பதிந்திருக்கும். வீடியோ எடுத்தவர் உங்களுக்குப் பதிந்து கொடுத்தவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் ஒரு மெல்லிய சாயப் பூச்சு இருக்கும். லேசர் ஒளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றித்தான் தகவலைப் பதிகிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் வெளுக்கிறது. ஈரப்பதம் ஓரங்களின் வழியே நுழைந்து, இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளை ஒட்டியுள்ள பசையையும் உள்ளிருக்கும் உலோகப் பூச்சையும் கெடுக்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அலமாரி ஒன்றில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட தட்டுகள் இன்னும் நன்றாகவே படிக்கப்படலாம், அல்லது பாதியில் நின்றுவிடலாம். வெளித்தோற்றத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. என் வீட்டிலேயே கண்ணாடிபோல் பளபளத்த ஒரு தட்டு திறக்கவில்லை. கீறல் விழுந்த இன்னொன்று ஒரு தடங்கலும் இல்லாமல் முழுவதும் வந்தது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். தட்டை ஒரு பிளவுக்குள் உறிஞ்சிக்கொள்ளும் வகை பார்க்க அழகாக இருக்கும். அதை விடுத்து, தாம்பாளம்போல் வெளியே நீளும் வகையையே வாங்குங்கள். உங்கள் தட்டுகளில் உள்ளங்கை அளவுள்ள 8 சென்டிமீட்டர் தட்டு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலக் கையடக்க வீடியோ கேமராக்கள் சில, அத்தகைய 1.4 ஜிபி தட்டுகளில் நேரடியாகப் பதிந்தன. பிளவு வகைக் கருவியில் அதைச் செருகினால் சிக்கிக்கொள்ளக்கூடும். மேலும், பதிவு முடிந்தபின் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை நிறைவு செய்யாமல், விட்ட தட்டைக் கணினி வெற்றுத் தட்டு என்று சொல்லும். அப்படிச் சொன்னால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழைய கேமரா வீட்டில் இன்னும் இயங்குமானால் அதில் போட்டு முடித்து வையுங்கள்.

இந்தக் கருவி தனக்கு வேண்டிய மின்சாரத்தை யுஎஸ்பி கம்பி வழியாகவே பெறுகிறது. பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியில் செருகினால் மின்சாரம் போதாமல் தட்டு சுழன்று சுழன்று நிற்பதுண்டு. நேரே மடிக்கணினியில் செருகுங்கள். புதிய மடிக்கணினிகளில் யுஎஸ்பி சி எனப்படும் சிறிய நீள்வட்டத் துளை மட்டுமே இருப்பதுண்டு. கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துக்கொண்டால் இரண்டாம் முறை அலைய வேண்டியிராது.

இனிப் படியெடுக்கும் முறை. டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறை தெரியும். படம் அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, தாலி கட்டும் காட்சியைக் காணவில்லையே என்று தேடியவர்களை நான் அறிவேன். கோப்புறை முழுவதையும் அப்படியே படியெடுத்து, தட்டின் மேலுறையில் எழுதியிருக்கும் நாளையும் நிகழ்ச்சியையும் அதற்குப் பெயராக வையுங்கள். 2003ஆம் ஆண்டுத் தட்டுகளில் சில விசிடியாகவும் இருக்கலாம். அவற்றில் படம் ‘எம்பெக் ஏவி’ என்ற கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிவிடி படத்தை இயக்கும் வசதி உடன் வருவதில்லை என்பதால், விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அது இரண்டு வகையையும் இயக்கும்.

ஒரு முழு டிவிடியில் 4.7 ஜிபி இருக்கும். தட்டு ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் அறுபதுக்கும் பதினைந்து மணி நேரம் ஆகும். நான்கைந்து சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். எல்லாம் சேர்ந்து 300 ஜிபியைத் தாண்டாது. அதை இரண்டு வெளி வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை உங்கள் உடன்பிறந்தவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஏதேனும் ஒரு தட்டு பாதியில் நின்றால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் வேறொருவரின் கருவியில் போடுங்கள். ஒன்று படிக்க மறுத்ததை மற்றொன்று படிப்பது இத்துறையில் அன்றாடம் நடப்பது.

கேள்வி: என் கைப்பேசியிலும் கணினியிலுமாகக் குடும்பப் படங்கள் ஏறத்தாழ 1 டிபி சேர்ந்துவிட்டன. வன்தட்டு எந்த நேரமும் செயலிழக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் டிவிடியில் பதிந்து வைப்பது பாதுகாப்பானது என்று அலுவலக நண்பர் சொல்கிறார். அவர் ‘எம் டிஸ்க்’ என்ற ஒன்றையும் பரிந்துரைத்தார். - வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ஜிபியை 4.7 ஆல் வகுத்தால் 213 தட்டுகள் வருகின்றன. பதிவதற்கும், பதிந்தது சரியா என்று சோதிப்பதற்கும் தட்டுக்கு இருபது நிமிடம் என்றால் மொத்தம் எழுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் முடித்தபின் பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் 137ஆம் தட்டில் இருக்கிறதா 173ஆம் தட்டில் இருக்கிறதா என்று தேட வேண்டும். வன்தட்டு செயலிழக்கும் என்ற உங்கள் நண்பரின் அச்சம் சரியானதே. அதற்கு மருந்து இரண்டாவது வன்தட்டும், முடிந்தால் இணையச் சேமிப்பில் மூன்றாவது படியும்தான்.

எம் டிஸ்க் என்பது சாயத்துக்குப் பதிலாகக் கரிமமற்ற பொருளால் ஆன அடுக்கில் பதியும் தட்டு. அது ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அதைக் கொண்டுவந்த நிறுவனம் 2016ஆம் ஆண்டிலேயே நொடித்துப்போனது. தட்டு உண்மையிலேயே உறுதியானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டு நிலைத்தால் போதாது, அதைப் படிக்கும் கருவியும் கிடைக்க வேண்டும். டிவிடிக்கு அடுத்த தலைமுறையான புளூரேயில், பதியக்கூடிய தட்டுகளின் உற்பத்தியை சோனி 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்தியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஒருமுறை பதிந்தால் அழிக்க முடியாது என்பது மட்டும் இத்தட்டுகளுக்குரிய உண்மையான நன்மை. பிள்ளைகள் தவறுதலாக அழிப்பதும், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சு நிரல்களும் அவற்றைத் தொட முடியாது. உங்களிடம் உள்ள படங்களில் இழக்கவே கூடாதவை என்று ஓர் ஐந்நூறைத் தேர்ந்தெடுத்தால், அவை ஒரு தட்டில் அடங்கிவிடக்கூடும். ஏற்கெனவே ரைட்டர் கையில் இருந்தால் அதைச் செய்யுங்கள். அதற்காகவே ஒன்றை வாங்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி: காரைக்குடியில் இருக்கும் என் ஆச்சிக்கு டிவிடி பிளேயர் ஒன்றுதான் பழக்கம். மகனின் பிறந்தநாள் வீடியோவைத் தட்டில் பதிந்து அனுப்பினேன். எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். கணினியில் அதே தட்டு நன்றாக ஓடுகிறது. - வாசகர், செங்காங்

பதில்: கைப்பேசியில் எடுத்த கோப்பை அப்படியே தட்டுக்கு இழுத்துப் பதிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வெறும் கோப்புத் தட்டு. பழைய பிளேயருக்கு டிவிடி வீடியோ என்ற வடிவம் வேண்டும். அதாவது படம் எம்பெக் 2 முறையில் மாற்றப்பட்டு, மேலே சொன்ன ‘வீடியோ டிஎஸ்’ கோப்புறையில் அமைந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7 வரை அதற்கென ஒரு மென்பொருள் உடன் வந்தது, பின்னர் நீக்கிவிட்டார்கள். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இந்தியாவிலும் சிங்கப்பூரைப் போலவே ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறைதான் என்பதால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படம் நல்ல தரத்தில் அடங்கும். வெற்றுத் தட்டு வாங்கும்போது பிளஸ் (DVD+R) வகையைவிட மைனஸ் (DVD-R) வகையே பழைய பிளேயர்களுக்கு ஒத்துவரும் வாய்ப்பு அதிகம். வேகத்தைக் குறைத்துப் பதியுங்கள். மேலே காகித வில்லை ஒட்ட வேண்டாம், அது சுழற்சியின் சமநிலையைக் கெடுக்கும்.

இத்தனைக்கும் முன்பாக, ஊரில் யாரையாவது ஆச்சியின் பிளேயருக்கு முன்புறமோ தொலைக்காட்சிக்குப் பின்புறமோ யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் இருந்தால், ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு தம்ப் டிரைவைக் கொடுத்தனுப்புவதோடு வேலை முடிந்தது.

கேள்வி: வெளிநாட்டில் வாங்கிய படத் தட்டைப் போட்டால், மண்டல எண்ணை மாற்றவா என்று கணினி கேட்கிறது. மாற்றலாமா? - வாசகர், தெம்பனிஸ்

பதில்: யோசித்து மாற்றுங்கள். படத் தட்டு எந்த நாடுகளில் இயங்கலாம் என்று கட்டுப்படுத்தும் எண் அது. சிங்கப்பூரின் மண்டல எண் 3, இந்தியாவின் எண் 5. கருவியின் எண்ணை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாம் முறை வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும், கணினியை மாற்றினாலும் பயனில்லை. வீட்டில் பதிந்த தட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது.